சாரல் ஊரில் ஒரு ஹெரால்டு

(தென்காசியில் பழைய வாகன ஆர்வலர்கள் முன்னிலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



வெளியே சாரல் விழுந்துகொண்டிருக்கிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை நமக்கு அருவியைத் தருகிறது, சீசனைத் தருகிறது, குற்றாலத்துக் கடைக்காரர்களுக்கு ஆண்டுப் பிழைப்பையே தருகிறது. அதே காற்றுதான் இலஞ்சியிலும் மேலகரத்திலும் செங்கோட்டையிலும் வீட்டோரக் கொட்டகைகளில் நிற்கும் பழைய கார்களைத் தின்றுகொண்டும் இருக்கிறது. தூத்துக்குடிக்காரர்கள் உப்புக்காற்றோடு மல்லுக்கட்டுகிறார்கள். நமக்கு உப்பு இல்லை. நாள் முழுக்க உலராத ஈரம் இருக்கிறது. அது முடிந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி மழை வந்துவிடுகிறது.

நனைந்து காய்ந்துவிடும் தகடு நெடுங்காலம் தாங்கும். நனைந்த இடத்தில் தண்ணீர் தங்கினால்தான் கேடு. இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து மடியும் விளிம்பு, கதவின் அடி, டிக்கியில் ஸ்டெப்னி படுத்திருக்கும் குழி, சேஸின் பெட்டி போன்ற உட்புறம், மட்கார்டுக்குள் சேறு அப்பிக்கொள்ளும் மூலை: துரு அங்கேதான் பிறக்கிறது. இரும்பு துருவானால் முன்பு அடைத்திருந்த இடத்தைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால் மடிப்புக்குள் பிறந்த துரு மடிப்பையே பிளக்கும். பிளந்த இடத்தில் இன்னும் தண்ணீர் ஏறும். வெளியிலிருந்து பார்க்கிற நமக்குப் பெயிண்ட்டில் ஒரு சிறு கொப்புளம்தான் தெரியும். கொப்புளம் தெரிகிற நாளில் உள்ளே பாதித் தகடு போயிருக்கும்.

ஆகவே பழைய காரின் பாடி வேலையைப் பளபளப்பாக்கும் வேலையாக நான் பார்ப்பதில்லை. தண்ணீர் போகும் வழியைத் திறந்துவைக்கும் வேலையாகப் பார்க்கிறேன். இன்று நான் பேசப்போகும் அத்தனையும் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

பேசுவதற்கு ஒரு கார் வேண்டும் அல்லவா? ஸ்டாண்டர்டு ஹெரால்டை எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் வைத்தே பாடி வேலை பார்க்க நினைப்பவருக்கு அதைவிட ஏற்ற கார் இந்தியச் சாலைகளில் ஓடியதில்லை என்பது என் உறுதியான எண்ணம். இன்னொரு காரணமும் உண்டு. அம்பாசடர் கல்கத்தாப் பக்கமிருந்து வந்தது. பியட் பம்பாயிலிருந்து வந்தது. ஹெரால்டு மதராசில் பிறந்தது. வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி 1961 முதல் 1971 வரை இதைக் கட்டியது. மதராசுக்கு வண்டி கட்டும் கை அதற்கு வெகு முன்பே இருந்தது. 1903-லேயே சிம்ப்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவிக் கார் ஒன்றைக் கட்டி ஓட்டினார். பஸ்ஸுக்குப் பாடி கட்டக் கரூர், லாரிக்குப் பாடி கட்ட நாமக்கல் என்று இன்றைக்கும் நாடெங்கும் பெயர் சொல்கிறார்கள். தகட்டை வளைப்பது தமிழ்நாட்டுக்குத் தெரிந்த தொழில்.

ஹெரால்டின் உடம்பு ஏன் வீட்டு வேலைக்கு இவ்வளவு இணங்கி வருகிறது? அதற்குப் பின்னால் இங்கிலாந்தில் நடந்த ஒரு வியாபாரக் கதை இருக்கிறது. அங்கே ஸ்டாண்டர்டு–டிரையம்ப் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துவந்தது ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனம். 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. அதை வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே இடத்தில் அழுத்தித் தரக்கூடிய வேறு பெரிய ஆள் கிடைக்கவில்லை. அதனால் சின்னச் சின்னத் தொழிற்சாலைகளில் துண்டு துண்டாகச் செய்து வாங்கி, போல்ட் போட்டு இணைக்கும்படி புதுக் காரை யோசித்தார்கள். இத்தாலியர் ஜொவான்னி மிக்கெலோத்தி அதற்கு உருவம் கொடுத்தார். அந்தக் காலத்தில் மற்றவர்கள் சேஸையும் பாடியையும் ஒன்றாக்கிக்கொண்டிருந்தபோது, ஹெரால்டு தனிச் சேஸோடு 1959-ல் வந்தது. லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அறிமுக விழா. மேடையிலேயே ஆட்கள் வந்து மூன்று நிமிடத்தில் ஒரு காரைப் பூட்டிக் காட்டினார்கள்.

கையைப் பிசைந்துகொண்டு நின்ற ஒரு கம்பெனி கண்டுபிடித்த வழி, அறுபது ஆண்டு கழித்துத் தென்காசியில் ஒரு வீட்டு முற்றத்தில் நிற்கிறவருக்குப் பயன்படுகிறது. எனக்கு இது பெரிய மகிழ்ச்சி தருகிற விஷயம்.

பயன் எப்படி என்று பாருங்கள். அம்பாசடரிலும் பழைய பியட்டிலும் பாடிதான் சுமை தாங்குகிறது. கதவுக்குக் கீழே ஓடும் தகட்டுப் பெட்டி துருவில் போய்விட்டால் வண்டி நடுவில் தொய்யும், கதவு சாத்தாது. அதை வெட்டி ஒட்டுவதென்றால் வண்டியை முட்டுக்கொடுத்து, அளவு பிடித்து, தெரிந்த கையோடுதான் செய்ய வேண்டும். ஹெரால்டில் கதவுக்குக் கீழே இருக்கும் தகடு சுமை தாங்குவதில்லை. போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். சுமை முழுக்கச் சேஸின் மீது. பானெட்டும் இரண்டு முன் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். இரண்டு பேர் சேர்ந்தால் அதைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிடலாம். இரண்டு கதவு ஹெரால்டில் கூரையும் போல்ட்டில்தான் நிற்கிறது. முன் உடம்பு ஒன்று, பின் உடம்பு ஒன்று என்று பிரித்துத் தூக்கவும் முடியும். கிரேன் வேண்டாம், லிப்ட் வேண்டாம். நான்கு பேரும் நல்ல மரக்கட்டைகளும் போதும். கட்டைக்கா பஞ்சம், மர அறுவை மில்கள் இருக்கும் செங்கோட்டையிலும் பாவூர்சத்திரத்திலும்?

ஆனால் எளிதாகப் பிரிகிற வண்டி எளிதாகச் சேர்ந்துவிடாது. பலர் தடுக்கி விழுகிற இடம் இதுதான். பாடிக்கும் சேஸுக்கும் நடுவே ரப்பரும் மெல்லிய பேக்கிங் தகடுகளும் இருக்கும். அவற்றின் தடிமனை வைத்துத்தான் கதவின் இடைவெளி அமைகிறது. பிரிக்கும்போது எந்தப் பேக்கிங் எந்த போல்ட்டில் இருந்தது என்று எழுதி வைக்காதவர், சேர்க்கும்போது மேலே விரிந்து கீழே உரசும் கதவைப் பார்த்து நிற்க வேண்டியதுதான். சேர்க்கும்போது எல்லா போல்ட்டையும் விரலால் முடுக்கி நிறுத்துங்கள். கதவு, பானெட், டிக்கி மூன்றையும் மாட்டுங்கள். இடைவெளி மேலும் கீழும் ஒன்றுபோல் ஓடுகிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகுதான் ஸ்பானரைத் தொட வேண்டும். இதைப் பெயிண்ட்டுக்கு முன்பே ஒருமுறை முழுக்கச் செய்து பார்க்க வேண்டும். பெயிண்ட் அடித்த கதவை நெம்பிச் சரிசெய்ய யாருக்கும் மனம் வராது.

பிரிப்பதற்கு முன் போட்டோ எடுங்கள். இன்று ஒவ்வொருவர் கையிலும் கேமரா இருக்கிறது. காசு இல்லை, பிலிம் இல்லை. ஒவ்வொரு போல்ட்டையும் தனி டப்பாவில் போட்டுச் சீட்டு ஒட்டுங்கள். பெட்ரோல் டேங்க் ஹெரால்டில் டிக்கிக்குள் ஓரமாக இருக்கிறது. வெல்டிங், கிரைண்டர் எதுவும் தொடங்குமுன் அதைக் கழற்றி வீட்டைவிட்டே தள்ளி வையுங்கள். காலி டேங்க்தானே என்று நினைக்காதீர்கள். நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும்.

பிரித்ததும் முதலில் தேட வேண்டியது துருவை அல்ல, துளைகளை. கதவின் அடியில் தண்ணீர் வடிய வைத்த சிறு துளைகள் இருக்கும். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் அந்த வழியாக வெளியேற வேண்டும் என்பது கட்டியவர்களின் கணக்கு. நம் ஊர்க் கார்களில் பாதிக்கு மேல் அந்தத் துளைகள் அடைபட்டிருப்பதைப் பார்க்கிறேன். எதனால்? மூன்று முறை பெயிண்ட் அடித்தவர்கள் மூன்று முறையும் மேடு பள்ளம் நிரப்பும் பட்டியை வழித்துத் துளையில் அப்பியிருப்பார்கள். வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். அந்த நல்லெண்ணத்தில் கதவு ஒரு தொட்டியாகிவிடுகிறது. முன் கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் பள்ளத்தில் வேப்பிலைச் சருகு மக்கிக் கிடக்கும். சேஸின் பக்கவாட்டுக் கைகளுக்குள் பல ஆண்டுச் சேறு செங்கல்லாக இறுகியிருக்கும். கம்பியை விட்டுக் குத்தி, தண்ணீர் பீய்ச்சி, எல்லா வழியும் திறந்த பிறகுதான் அடுத்த வேலை.

துருவை எடுக்கும் வழிகளில் வீட்டுக்கு ஏற்றவை இரண்டைச் சொல்கிறேன். சின்ன உறுப்புகளுக்குச் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு. ஒரு பங்கு பாகுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, பிளாஸ்டிக் டிரம்மில் ஊற்றி, கீல்களையும் தாங்கிகளையும் இரண்டு மூன்று வாரம் ஊறப் போட்டால் துரு கரைந்துவிடும், நல்ல இரும்பு அப்படியே நிற்கும். புளித்த வாடை தெருமுனை வரை போகும். அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அலுமினிய உறுப்பை மட்டும் அதில் போடாதீர்கள், அரித்துவிடும். இரண்டாவது வழி சலவைச் சோடாவும் பேட்டரி சார்ஜரும். சோடா கரைத்த தண்ணீரில் துருப்பிடித்த உறுப்பை மைனஸிலும், வேண்டாத இரும்புத் துண்டு ஒன்றைப் பிளஸிலும் மாட்ட வேண்டும். ஹைட்ரஜன் வாயு குமிழியாக வரும் என்பதால் திறந்த வெளியில் செய்ய வேண்டும். பக்கத்தில் பீடி கூடாது. பிளஸில் எவர்சில்வர் துண்டை மாட்டுகிறவர்கள் உண்டு. கண்டிப்பாக வேண்டாம். அதிலிருக்கும் குரோமியம் கொடிய நஞ்சாகத் தண்ணீரில் இறங்கும்.

எந்த வழியில் எடுத்தாலும் சுத்தமான இரும்பு நம் ஊரில் ஒரு ராத்திரி தாங்காது. சாரல் காலத்தில் மாலையில் வெள்ளையாக விட்டுப் போன தகடு காலையில் மஞ்சள் பூத்து நிற்கும். அன்று சுரண்டிய அளவுக்கு அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும். அதனால் முழு வண்டியையும் ஒரே மூச்சில் சுரண்டாமல் ஒவ்வொரு பகுதியாக முடித்துக்கொண்டே போவதுதான் இந்த ஊருக்குப் பொருந்தும்.

இனி டிங்கரிங். என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி இது. கொஞ்சம் விரிவாகவே பேச அனுமதியுங்கள்.

ஹெரால்டின் தகடு கிட்டத்தட்ட 20 கேஜ், அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. ஒடுக்கு விழுந்த தகட்டை உள்ளிருந்து ஓங்கி அடித்தால் வெளியே வந்துவிடும் என்று நினைக்கிறோம். ஓங்கி அடித்த இடத்தில் தகடு நசுங்கி நீண்டுவிடும். நீண்ட தகட்டுக்குப் போக இடமில்லை. அமுக்கினால் உள்ளே போகும், விட்டால் டப்பென்று வெளியே வரும். அந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டால் சரிசெய்வது முதல் ஒடுக்கைவிடப் பத்து மடங்கு கடினம். தேர்ந்த டிங்கர் ஓங்கி அடிப்பதே இல்லை. உள்ளே டோலி என்ற இரும்புக் கட்டியைப் பிடித்து, வெளியே பக்கத்து மேட்டைச் சுத்தியால் மெல்லத் தட்டுவார். மேடு இறங்க இறங்கப் பள்ளம் தானே ஏறும். முதலில் உண்டான மடிப்பைக் கடைசியிலும், கடைசியில் உண்டான மடிப்பை முதலிலும் எடுத்துக்கொண்டு, விபத்து நடந்த வழியே பின்னோக்கிப் போவார். நீண்டுவிட்ட தகட்டைச் சுருக்க வேண்டுமானால் காசளவு இடத்தைச் சிவக்கக் காய்ச்சி, சுற்றிலும் தட்டி, ஈரத்துணியால் அணைப்பார். தகடு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இடையிடையே உள்ளங்கையை அகல விரித்துத் தகட்டின் மேல் நீளவாக்கில் ஓட்டிப் பார்ப்பார். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் கைக்குத் தெரியும். பெயிண்ட் அடித்த பிறகு வெயிலில் அது கண்ணுக்கும் தெரியும்.

அந்தக் கையை எந்தக் கல்லூரியும் தருவதில்லை. நம் மாவட்டத்துப் பட்டறைகளில் அந்தக் கை இன்னும் இருக்கிறது. பிளாஸ்டிக் பம்பரைக் கழற்றிப் புதியது மாட்டும் வேலை பெருகப் பெருக அதற்கு வேலை குறைந்துவருகிறது. வீட்டிலேயே வேலை பார்க்கிறேன் என்று தொடங்குகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு டிங்கர் அண்ணாச்சியைக் கூலி கொடுத்து வீட்டுக்கு அழையுங்கள். அவர் தட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பிறகு டோலியை நீங்கள் பிடியுங்கள். தச்சரிடம் சொல்லி ஒரு புளியங்கட்டையை வாங்கிப் போடுங்கள்; ஆற்று மணல் நிரப்பிய தடித்த தோல் பை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மட்கார்டின் வளைவுக்குத் தேவையான துண்டை இந்த இரண்டின் மேல் வைத்தே தட்டி எடுக்கலாம்.

ஓட்டை விழுந்த இடத்தில் தகட்டை வெட்டி ஒட்டத்தான் வேண்டும். துருவுக்கு மேலேயே புதுத் தகட்டைப் பரப்பிச் சுற்றிலும் வெல்டிங் வைக்கிறார்கள். வேலை விரைவில் முடியும். ஆனால் பழைய தகட்டுக்கும் புதியதற்கும் நடுவே தண்ணீருக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தாயிற்று. துருவை நல்ல இரும்பு வரை வெட்டி எடுத்துவிட்டு, விளிம்போடு விளிம்பு பொருந்தும் துண்டை வைத்து ஒட்டுவதே முறை. சாதாரண ஆர்க் வெல்டிங் இந்தத் தகட்டை ஓட்டை போட்டுவிடும். கேஸ் வெல்டிங் தெரிந்த பழைய கை இருந்தால் அருமை, இல்லாவிட்டால் சி.ஓ.டூ வெல்டிங். ஒரு பொட்டு இங்கே, அடுத்த பொட்டு எதிர்ப்பக்கம் என்று இடம் மாற்றி மாற்றி, சூடு ஆறவிட்டு வைக்க வேண்டும். ஒரே ஓட்டமாக இழுத்தால் தகடு அப்பளமாகப் பொரிந்துவிடும்.

பட்டியைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தப் பேச்சுக்கு அர்த்தமில்லை. பட்டி கெட்ட பொருள் அல்ல. டிங்கரின் கைக்கும் எட்டாத நுண்ணிய அலையை நிரப்ப அது தேவை. இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போனால் பட்டியைக் கொண்டு காரைச் செய்கிறோம் என்று பொருள். அது வண்டியின் அதிர்வில் விரிசல் விடும். இன்னொன்றைக் கவனியுங்கள். பட்டியில் கலந்திருக்கும் மாவு ஈரத்தை உறிஞ்சும். வெறும் தகட்டின் மேல் பட்டியைப் பூசி, வாட்டர் பேப்பர் போட்டுத் தண்ணீரில் தேய்த்து, சாரல் நாளில் அப்படியே காயாமல் மேலே பெயிண்ட்டும் அடித்தால், ஈரத்தை நாமே தகட்டோடு சேர்த்துப் பூட்டிவிட்டோம். முதலில் எபாக்ஸி பிரைமர், அதன் மேல் பட்டி, பட்டியை ஈரமின்றித் தேய்ப்பது, மறுபடி பிரைமர் என்பதே இந்த ஈர ஊருக்கு ஏற்ற வரிசை. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் சட்டைப் பையில் மெல்லிய துணி சுற்றிய சின்னக் காந்தம் ஒன்று வைத்திருங்கள். கதவின் அடியிலும் சக்கர வளைவிலும் ஒட்டவில்லை என்றால் நீங்கள் விலை பேசுவது பட்டிக்கு.

பெயிண்ட்டுக்கு வருவோம். நாம் டூக்கோ என்று சொல்லிப் பழகிய என்.சி. பெயிண்ட்தான் ஹெரால்டு காலத்துக் கார்களுக்கு உரியது. வீட்டில் அடிக்கவும் அதுவே ஏற்றது. சீக்கிரம் காயும், தவறினால் தேய்த்துவிட்டு மறுபடி அடிக்கலாம். ஆனால் சாரலில் அதை அடித்தால் வெண்படலம் பூக்கும். தின்னர் ஆவியாகும்போது தகட்டின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் பெயிண்ட்டின் மேல் படிந்துவிடுகிறது. மெதுவாக ஆவியாகும் தின்னர் கலந்து சமாளிக்கிறார்கள். காலம் பார்த்து அடிப்பதுதான் நல்லது. தை, மாசி, பங்குனி நம் ஊரில் பெயிண்ட்டுக்கு உகந்த காலம். சித்திரை வெயிலில் துளிகள் தகட்டில் விழுமுன்னே காற்றில் காய்ந்து சொரசொரப்பாக உட்காரும். சீசன் மாதங்களில் பெயிண்ட்டைத் தொடவே தொடாதீர்கள். பிரிப்பதற்கும், எழுதி வைப்பதற்கும், கொட்டகைக்குள் டிங்கரிங் பார்ப்பதற்கும் அந்த மாதங்களை வைத்துக்கொள்ளுங்கள்.

ஹார்டனர் கலந்து அடிக்கும் பி.யூ. பெயிண்ட்டின் பளபளப்பு பெரிது. அதில் ஐசோசயனேட் இருக்கிறது. அந்தப் புகை நுரையீரலில் இறங்கினால் வாழ்நாள் முழுக்க ஆஸ்துமா வரலாம். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு அடிப்பது பாதுகாப்பே இல்லை. வெளியிலிருந்து குழாய் வழியாக நல்ல காற்று வரும் முகமூடி வேண்டும். குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் வீட்டு முற்றத்தில் அதை அடிக்கவே கூடாது. பூத் உள்ள இடத்தில் கொடுத்துவிடுங்கள். பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதைச் சுரண்டும்போது மட்டும் ஈரம் வைத்துத் தேயுங்கள், தூசி பறக்காது. முடிந்ததும் தகட்டை உடனே துடைத்துக் காயவையுங்கள். இங்கே வந்திருக்கும் பெயிண்டர் தம்பிகளைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். முதலாளி முகமூடி வாங்கித் தரும் வரை காத்திருக்காதீர்கள்.

இப்போது இளைஞர்கள் கேட்கக் காத்திருக்கும் பகுதி. வண்டியை நம் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்வது எதுவரை? ஹெரால்டின் கூரை கழன்று வரும் என்றேன். உடனே சிலர் முகத்தில் வெளிச்சம் தெரிந்தது. திறந்த காராக்கிப் பழைய குற்றாலத்துக்கு ஓட்டிப் போகலாம் என்ற ஆசை புரிகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அதற்கு இடம் தருவதில்லை. கம்பெனி எந்த அமைப்பில் கட்டியதோ அதற்கு மாறாக வண்டியின் உருவத்தை மாற்றக்கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் மறுபடியும் உறுதி செய்தது. நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவு முடிந்து 50 ஆண்டுக்கு மேலான இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு அவை பொருந்தும். சேஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிந்தால் எண்ணின் நடுவே வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுதல், பராமரிப்பு போன்ற காரியங்களுக்குத்தான் ஓட்டலாம். அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் கூடாது. 1971-ல் கடைசி ஹெரால்டு வந்தது என்றால் இன்று எல்லா ஹெரால்டும் அந்த வயதைத் தாண்டிவிட்டது. ஒரு வளைவை வெட்டி அகலச் சக்கரம் மாட்டினால் அந்த உரிமையும் போய்விடும்.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. நம் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டில் ஒரு கல்வெட்டு வைத்தான். பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்குக் கேடு வந்தால் அதைச் சரிசெய்கிறவர் யாராயினும் அவர் காலில் விழுந்து வணங்குகிறேன் என்பது அதன் பொருள். தான் கட்டியது ஒருநாள் சிதையும் என்று அவன் ஒப்புக்கொள்கிறான். வரப்போகும் பழுது பார்ப்பவனை முன்கூட்டியே மதிக்கிறான். பிளந்து மொட்டையாக நின்ற நம் ராஜகோபுரம் மறுபடி எழுந்து 1990-ல் குடமுழுக்குக் கண்டதை இங்கிருக்கும் பலர் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். நாம் காருக்குச் செய்யும் வேலையும் கடைசி வேலை அல்ல. நமக்குப் பின் ஒருவர் அதைப் பிரிப்பார். பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பான ஃபீவாவின் டூரின் சாசனமும் இதைத்தான் கேட்கிறது: புதிதாகச் செய்தது அடையாளம் தெரிய வேண்டும், வேண்டாமென்றால் திருப்பி எடுக்க முடிய வேண்டும். கட்டடங்களுக்கென்று 1964-ல் எழுதிய வெனிஸ் சாசனத்தை ஒட்டி அமைந்தது அது. ஒட்டிய தகட்டின் உட்புறத்தில் ஆண்டைப் பொறித்து வையுங்கள். போட்டோக்களையும் குறிப்பேட்டையும் ஆர்.சி.யோடு சேர்த்து அடுத்தவருக்குக் கொடுங்கள்.

போல்ட்டில் நிற்கிற, திருப்பி எடுக்கக்கூடிய மாற்றங்களுக்குள் உங்கள் ரசனைக்கு நிறைய இடம் இருக்கிறது. சீட் உறை உங்கள் விருப்பம். கதவின் உட்பக்கப் பலகைக்குப் பத்தமடைக் கோரைப் பாயை அளவாக வெட்டி வைத்துப் பாருங்கள். அதற்கு இணையான அழகை நான் வெளிநாட்டு வண்டியிலும் கண்டதில்லை. காலடியில் மட்டும் பாய் வேண்டாம், ஈரத்தைப் பிடித்துவைக்கும். கியர் தலைப்பைச் செங்கோட்டைத் தேக்கில் கடையலாம். இப்படி மாற்றியவர் வீட்டில் பழைய பலகையும் பழைய தலைப்பும் ஒரு சாக்கில் பத்திரமாக இருக்க வேண்டும். கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு பெயர் சொல்லும் ஜீடீ கார் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போங்கள். அசலை அசலாக வைத்திருப்பதன் கம்பீரம் அங்கே தெரியும்.

வேலை முடிந்த வண்டியை எப்படி வைத்திருப்பது என்பதோடு முடிக்கிறேன். பிளாஸ்டிக் தார்ப்பாயைப் போட்டு மூடாதீர்கள். தரையிலிருந்து எழும் ஆவி உள்ளேயே வியர்த்து வழியும். மண் தரை என்றால் சிமென்ட் போடுங்கள், அல்லது கீழே தடித்த பிளாஸ்டிக் விரிப்பு விரித்துக் காற்றோட்டம் விடுங்கள். சேஸுக்குள்ளும் கதவுக்குள்ளும் கரி ஆயில் பீய்ச்சுவது நம் பழக்கம். அது ரப்பரை ஊதவைக்கும், தூசியை இழுக்கும். மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெயைப் பீய்ச்சுங்கள். பீய்ச்சியபின் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று மறுபடி பாருங்கள். அடியில் தாரைத் தடிமனாக அப்புவதும் வேண்டாம். அதில் விரிசல் விழுந்தால் உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. சீசனில் வெயில் எட்டிப் பார்க்கிற நாளில் கதவு, பானெட், டிக்கி எல்லாவற்றையும் திறந்து ஒரு மணி நேரம் காயப் போடுங்கள்.

வராந்தாவில் ஒரு கதவை உட்பலகை கழற்றி வைத்திருக்கிறேன். பக்கத்தில் சுத்தியும் டோலியும் இரண்டு ஒடுக்கு விழுந்த தகடுகளும் இருக்கின்றன. டிங்கர் அண்ணாச்சிகள் இருவர் சொல்லித்தர இசைந்திருக்கிறார்கள். கேள்விகளை அங்கே கேளுங்கள், கேட்டுக்கொண்டே தட்டிப் பாருங்கள். வாருங்கள், போவோம்.